பொன்மலை - சங்கு ஊதினால் விழிக்கும் ஊர்

திருச்சி என்றதும் மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், காவிரிப் பாலம் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். நான்காவதாகச் சொல்ல ஒரு மலை உண்டு. உயரத்தில் மலைக்கோட்டையிடம் தோற்றுப்போகும் சின்னஞ்சிறு குன்று. பெயர் மட்டும் பொன்மலை! அந்தக் குன்றின் பெயரில்தான் ஒரு முழு ரயில் ஊர் உருவானது.

ஆங்கிலேயர்கள் இதை 'கோல்டன் ராக்' என்றார்கள். ரயில் வருவதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே இந்தப் பெயர் அவர்களுடைய ஏடுகளில் ஏறிவிட்டது. கர்நாடகப் போர்கள் நடந்த காலத்தில், 1753ல், இந்தக் குன்றைப் பிடிக்க ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின. ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தலைமையில் வந்த ஆங்கிலேயர்கள் வென்றார்கள். அதற்குப் பிறகு குன்று பாட்டுக்குக் குன்றாக இருந்தது. சுற்றிலும் பொட்டல் காடு.

ரயில் கதை பொன்மலையில் தொடங்கவில்லை, நாகப்பட்டினத்தில் தொடங்கியது. 1861ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும் அடுத்த வருடம் திருச்சிக்கும் பாதை வந்தது. துறைமுகமும் ரயிலும் சேர்ந்த ஊர் என்பதால் எஞ்சின்களையும் பெட்டிகளையும் பழுதுபார்க்கும் பெரிய பணிமனையும் அங்கேயே அமைந்தது. 1874ல் தென்னிந்திய ரயில்வே என்ற கம்பெனி உருவானது. பாதைகள் பெருகப் பெருக, கடற்கரை ஓரத்தில் ஒரு மூலையில் இருந்த பணிமனை போதவில்லை. பாதைகள் எல்லாம் கூடும் இடம் திருச்சி. கம்பெனியின் தலைமையகமும் அங்கேதான். எனவே பொன்மலை அடிவாரப் பொட்டலில் புதிய பணிமனை கட்டினார்கள். 1928ல் வேலை மொத்தமாக இங்கே வந்து சேர்ந்தது.

ஒரு ஊர் பிழைத்தால் இன்னொரு ஊர் வாட வேண்டும் என்பது ரயில் உலகத்தில் எழுதாத சட்டம் போலிருக்கிறது. நாகப்பட்டினத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டறையில் சம்மட்டி பிடித்த குடும்பங்கள் மூட்டை கட்ட வேண்டி வந்தது. அது மட்டுமல்ல. எல்லா வேலையையும் ஒரே இடத்தில் குவித்தால் இத்தனை ஆட்கள் தேவையில்லை என்று கம்பெனி கணக்குப் போட்டது. நாகப்பட்டினம், போத்தனூர், பொன்மலை ஆகிய மூன்று பணிமனைகளிலும் ஆட்குறைப்பு என்று அறிவிப்பு வந்தது. தொழிலாளர்களுக்குத் தொழில்திறன் சோதனை வைத்துத் தேறாதவர்களை அனுப்பிவிடலாம் என்ற யோசனையும் கூடவே வந்தது. இருபது வருடம் வேலை பார்த்தவனுக்குப் பரீட்சை!

1928 ஜூன் கடைசியில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி கதவைப் பூட்டியது. ஜூலை 19 நள்ளிரவு முதல் ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னின்று நடத்தினார்கள். பத்து நாட்களுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தலைவர்கள் கைதானார்கள், போராட்டம் அடங்கியது. ஏறக்குறைய எழுபது வயதை நெருங்கிக் கொண்டிருந்த சிங்காரவேலருக்குப் பத்து ஆண்டுச் சிறை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் தண்டனை வெகுவாகக் குறைந்து 1930ல் வெளியே வந்தார். ஆக, பொன்மலையின் பிறந்த வருடமே வேலைநிறுத்த வருடம்.

இப்படிப் பிறந்த ஊர் எப்படி வாழ்ந்தது? கம்பெனி கட்டிய ஊர் என்பது பார்த்தாலே தெரியும். நேர் கோட்டுத் தெருக்கள், இருபுறமும் மரங்கள், ஓட்டுக் கூரை போட்ட குவார்ட்டர்ஸ். அதிகாரிக்குத் தோட்டத்தோடு பங்களா, ஃபோர்மேனுக்கு அதைவிடச் சின்னது, கலாசிக்கு ஒற்றை அறை. வீட்டின் அளவைப் பார்த்தே குடியிருப்பவரின் சம்பளத்தைச் சொல்லிவிடலாம். ஆங்கிலோ இந்தியர்கள் டிரைவர்களாகவும் கார்டுகளாகவும் மேற்பார்வையாளர்களாகவும் இருந்தார்கள். ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் அவர்களுடைய நடனமும் பில்லியர்ட்ஸும். தஞ்சாவூர்க்காரர், நாகப்பட்டினத்துக்காரர், மலையாளி, தெலுங்கர் என்று எல்லோரும் ஒரே சங்குக்கு எழுந்து ஒரே கேட்டில் நுழைந்தார்கள். கடிகாரம் இல்லாத வீடுகளுக்குப் பணிமனைச் சங்குதான் கடிகாரம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டுத் திடல் எல்லாமே ரயில்வேயுடையது.

ரயில்வேக்குச் சொந்தமாக இல்லாத ஒன்று இருந்தது என்றால் அது தொழிலாளர்களின் சங்கம். அதற்கும் ஒரு திடல் இருந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது பணிமனையில் போர் விமானங்களைக்கூடப் பழுதுபார்த்தார்கள். ஆள் தேவை கூடியது, வேலை நேரமும் கூடியது. போர் முடிந்தவுடன் பழையபடி ஆட்குறைப்புப் பயம். விலைவாசி மட்டும் குறையவில்லை. 1944லேயே கம்பெனி போய் அரசாங்கமே ரயில்வேயை எடுத்துக்கொண்டிருந்தது. இப்போது முதலாளி சர்க்கார். 1946 ஆகஸ்ட் 24ல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அனந்தன் நம்பியாரும் எம்.கல்யாணசுந்தரமும் தலைவர்கள்.

அந்த நாட்களின் தேதிகளைக் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். செப்டம்பர் 2ஆம் தேதி டெல்லியில் நேரு இடைக்கால அரசில் பொறுப்பேற்கிறார். நாடே கொண்டாடுகிறது. சென்னை மாகாணத்தில் ஏற்கெனவே பிரகாசம் தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை. செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலை சங்கத் திடலில் மலபார் சிறப்புப் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்துகிறது. ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். பலர் காயமடைந்தார்கள். சங்க அலுவலகமும் தாக்குதலுக்கு உள்ளானது. வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று தெரிந்த பிறகு, நம்மவர் மந்திரியாக இருந்த மாகாணத்தில் நடந்த சூடு இது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் 1946க்குக் கடற்படைப் புரட்சி இருக்கிறது, இடைக்கால அரசு இருக்கிறது. பொன்மலையைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஆனால் ஊர் மறக்கவில்லை. ஒவ்வொரு செப்டம்பர் 5ஆம் தேதியும் தியாகிகள் தினமாக அங்கே கொடி ஏறும்.

மறக்கவில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி தேர்தல் முடிவுகள். 1962லும் 1967லும் திருச்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் அனந்தன் நம்பியார். 1971லும் 1977லும் கல்யாணசுந்தரம். நான்கு தேர்தல் தொடர்ந்து, கோயில்களுக்குப் பெயர்போன ஒரு தொகுதி ரயில்வே சங்கத்துக்காரர்களையே டெல்லிக்கு அனுப்பியது. இடையில் 1974 மே மாதம் நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம் வேறு.

நீராவி போய் டீசல் வந்தது, டீசலை மின்சாரம் தள்ளியது. ஒவ்வொரு மாற்றத்திலும் 'இனி பொன்மலைக்கு என்ன வேலை?' என்ற கேள்வி எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், உலகமே நீராவியை மியூசியத்தில் வைத்த பிறகு இங்கே புது நீராவி எஞ்சின் செய்தார்கள்! நீலகிரி மலை ரயிலின் பல்சக்கர எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் இருந்து வந்தவை, வயதாகிவிட்டன. அதே மாதிரியில் எண்ணெயில் ஓடும் எஞ்சின்களை 2011 முதல் பொன்மலையிலேயே கட்டி மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பினார்கள். 2021ல் நிலக்கரியில் ஓடுவதும் ஒன்று வந்தது. சுவிஸ்காரன் செய்ததை சம்மட்டிக்காரனின் பேரன் செய்து காட்டினான் என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் அந்தப் பேரனுக்கு உள்ளே இடம் கிடைக்குமா என்பதுதான் இப்போதைய கவலை. 2019ல் பயிற்சியாளர் இடங்கள் பெருமளவு வெளிமாநிலத்தவருக்குப் போய்விட்டன என்று பணிமனை வாசலில் போராட்டம் நடந்தது. அப்பா ரயில்வே, தாத்தா ரயில்வே, பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பரீட்சை எழுதிக் காத்திருக்கிறான். அன்று நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்களுக்குச் சோதனை, இன்று அவர்கள் வாரிசுகளுக்கு நுழைவுத்தேர்வு.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் இந்தக் கவலையெல்லாம் கொஞ்ச நேரம் ஓரம் போகும். அன்று பொன்மலைச் சந்தை. காய்கறி, கருவாடு, கோழி, பழைய இரும்பு, கடப்பாரை, கத்தி என்று எல்லாம் கிடைக்கும். ரயில்வேக்காரர்களை நம்பி ஆரம்பித்த சந்தைக்கு இன்று ரயில்வேக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் திருச்சியின் நாலு பக்கமிருந்தும் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பேரம் பேசாமல் யாரும் வாங்குவதில்லை.