தலைச்சுமை முதல் தோட்பை வரை

ஒருவன் எடுத்துச் செல்லும் மூட்டை, அவன் எதற்காகப் பயணம் போகிறான் என்பதைக் காட்டிவிடும். அம்மூட்டையைச் சுமப்பவர் யார் என்பதோ, அவன் வாழும் காலத்தையே காட்டிவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவின் காட்டு விலங்குகளைத் தேடிச் சென்றோரின் பயணப் பொதிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

'சபாரி' என்பது சுவாகிலி மொழிச் சொல். பயணம் என்பதே அதன் பொருள். அரபு மொழியின் 'சபர்' என்னும் சொல்லினின்று அது பிறந்தது. மலாய் மொழியில் வழிப்போக்கரைக் குறிக்கும் 'முசாபிர்' என்னும் சொல்லும் அதே வேரினின்று கிளைத்ததேயாகும். தொடக்கத்தில் அச்சொல்லில் வேட்டையும் இல்லை. விலங்குக் காட்சியும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் சான்சிபார் தீவுக்கு எதிரேயுள்ள பாகமோயோ துறையிலிருந்து துணியும் மணியும் உலோகக் கம்பியும் உள்நாட்டுக்குச் சென்றன. யானைத் தந்தம் கடற்கரைக்கு வந்தது. இவ்வணிகப் பயணமே அன்றைய சபாரி. அதன் சரக்கனைத்தும் மனிதர் தலையிலும் தோளிலுமே ஏறிச் சென்றன.

எருதும் குதிரையும் உலகில் இருக்க, மனிதன் ஏன் பொதி சுமந்தான்? காரணம் ஒரு சிறிய ஈ. செட்சி ஈ கடித்த கால்நடைகள் 'நகானா' என்னும் நோய் கண்டு மாண்டன. விலங்கு பிழைக்க இயலாத வழியில் விலங்கின் வேலையை மனிதன் செய்தான். ஒருவருக்கு ஏறத்தாழ 60 இராத்தல், அதாவது 27 கிலோ, வழக்கமான சுமையாக இருந்தது. தம் பாயையும் சட்டியையும் அதற்கு மேல் அவர்கள் சுமந்தனர்.

அச்சுமைகளுள் மறக்கவொண்ணாதது ஒன்றுண்டு. 1873ஆம் ஆண்டு, இன்றைய சாம்பியாவிலுள்ள ஒரு சிற்றூரில் டேவிட் லிவிங்ஸ்டன் உயிர்நீத்தார். அவருடன் சென்ற சூமா, சூசி முதலியோர் அவருடைய இதயத்தை ஒரு மரத்தடியில் புதைத்தனர். உடலை உலர்த்திப் பொதிந்து, ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட வழியைக் கடந்து, 1874 பிப்ரவரியில் பாகமோயோ சேர்த்தனர். இலண்டனில் அவ்வுடல் பெருஞ்சிறப்புடன் அடக்கம் செய்யப்பட்டபோது சூமாவும் சூசியும் அங்கில்லை. அவர்கள் அந்நாட்டை அடையுமுன் சடங்கு முடிந்துவிட்டது.

பின்னர் வேட்டைக்காரரின் காலம் வந்தது. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை 1901இல் இருப்புப்பாதை எட்டியது. 1909இல், அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து விலகிய தியோடர் ரூசவெல்ட் அவ்வழியே வந்திறங்கினார். அருங்காட்சியகத்துக்கு விலங்குகளைச் சேகரிப்பது அவர் நோக்கம். தோல்களைப் பதப்படுத்த நான்கு டன் உப்பு வந்தது. கூடாரங்களும் துப்பாக்கிகளும் உணவுப் பெட்டிகளும் வந்தன. பன்றித்தோல் அட்டையிட்ட ஏறத்தாழ 60 நூல்களும் ஒரு பெட்டியில் வந்தன. அந்நூலகம் சரியாக ஓர் ஆளின் சுமையளவுக்குள் அடங்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. ரூசவெல்ட்டும் அவர் மகனும் சுட்டு வீழ்த்தியவை 512 விலங்குகள். அவற்றின் கணக்கு நூலில் ஏறியது. அந்நூற்பெட்டியைத் தலையில் தாங்கி நடந்தவரின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்?

இன்று காட்சி மாறிவிட்டது. கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி இருந்த இடத்தில் தொலைநோக்கியும் நிழற்படக் கருவியும் அமர்ந்தன. புல்வெளியில் இறங்கும் சிறு விமானங்கள் பலவற்றில் ஒருவருக்கு 15 கிலோ அளவே இசைவு. பெட்டியும் கடினமாக இராது, வளைந்து கொடுக்கும் துணிப்பையாக இருத்தல் வேண்டும். மண்ணிற ஆடை நன்று. கருமையும் நீலமும் செட்சி ஈயை ஈர்க்கும். படைவீரர் உடையை ஒத்த ஆடை சில நாடுகளில் சட்டப்படி குற்றமாகும். மேட்டுநிலத்தின் விடியற்குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை, வெயிலுக்குத் தொப்பி, மருத்துவர் தந்த மலேரியா மாத்திரை ஆகியவை தேவை. கென்யா 2017இலும் தான்சானியா 2019இலும் நெகிழிப் பைகளைத் தடை செய்தமையால், அவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்லல் வேண்டும்.

நான்கு டன் உப்பு எங்கே, ஒரு துணிப்பை எங்கே! கொல்லச் சென்றவனுக்குப் பெருஞ்சுமை தேவைப்பட்டது. காணச் செல்பவனுக்குச் சிறுசுமை போதுமானதாயிற்று.

ஆயினும் சுமந்தோரின் வரலாறு முற்றும் மறைந்துவிடவில்லை. முதல் உலகப் போரில் ஆங்கிலேயர் ஆப்பிரிக்க மக்களைப் பெருந்திரளாகச் 'சுமைதூக்கிப் படை'யில் சேர்த்தனர். அவர்களுள் பல்லாயிரவர் நோயாலும் பசியாலும் மடிந்தனர். 'கேரியர் கோர்' என்னும் அப்படையின் ஆங்கிலப் பெயர் மக்கள் நாவில் திரிந்து, நைரோபியில் 'கரியோகோர்' என்றும் தார் எஸ் சலாமில் 'கரியாகூ' என்றும் ஊர்ப்பகுதிகளின் பெயராக நின்றுவிட்டது. இரண்டும் இன்று மக்கள் நெரியும் சந்தைப் பகுதிகள். நூலில் ஏறாத அம்மனிதரின் நினைவை, நாள்தோறும் காய்கறி வாங்கச் செல்வோர் தம்மையறியாமலே உச்சரித்து வருகின்றனர்.