அசனம்

போன ஆண்டு சாத்தான்குளம் பக்கத்து எங்கள் ஊருக்குச் சென்னையிலிருந்து ஒரு நண்பர் வந்திருந்தார். வேதக்கோயில் சுவரில் பிரதிஷ்டைப் பண்டிகை நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கடைசி வரி: ‘மாலை 5 மணிக்கு அசனம்.’ ‘ஆ’வின் சுழி விட்டுப்போயிற்று என்று நினைத்து, “சர்ச்சில் யோகாசனம் கூட உண்டா?” என்று கேட்டார். திண்ணையில் இருந்த ஆச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஆசனம் இல்லய்யா, அசனம். சோறு!”

ஆச்சி சொன்னதைத்தான் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் சொல்கிறது: அசனம் என்றால் உணவு, சோறு. வடமொழியில் ‘அஶ்’ என்றால் உண். ‘ஆஸ்’ என்றால் உட்கார். முன்னதிலிருந்து அசனம், பின்னதிலிருந்து ஆசனம். குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் அன்னப்பிராசனத்துக்குள் இருப்பது நம் அசனமேதான். உண்ணாமல் இருப்பது அனசனம். சமணர்களின் நோன்புச் சொல். 2011-இல் அண்ணா ஹசாரே டில்லியில் உண்ணாவிரதம் உட்கார்ந்தபோது இந்திச் சேனல்கள் நாள் முழுக்க ‘அனஷன், அனஷன்’ என்றனவே, அதுவும் இதே குடும்பம்தான்.

ஏட்டில் இருந்த இந்தச் சொல்லைத் தமிழ்நாட்டில் இன்று அன்றாடம் வாயில் வைத்திருப்பவர்கள் தென்கோடிக் கிறிஸ்தவர்கள். முதலூர், மெஞ்ஞானபுரம், இடையன்குடி வட்டாரத்தில் பனையேறியின் பேரனும் சொல்வான். போஜனம், ஸ்தோத்திரம், ஜெபம் என்று வடசொல் மணக்கும் பழைய வேதாகமத் தமிழ் வளர்ந்த மண் இது. மற்ற சொற்கள் கோயிலுக்குள் தங்கிவிட்டன. அசனம் மட்டும் வெளியே வந்து அடுப்பு மூட்டியது.

அந்த அடுப்பைப் பார்க்க விடியுமுன் போக வேண்டும். மண்ணில் நீளமாக வெட்டிய குழி, பனைமட்டையும் உடைவிறகும், மேலே வரிசையாக அண்டாக்கள். வடித்த சோற்றை ஓலைப்பாயில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டுவார்கள். ஆள் உயரம் குவியும். ஆவி அடங்கியதும் மண்வெட்டியைக் கழுவி எடுத்து அதைக்கொண்டு அள்ளிப் பெட்டிகளில் நிரப்புவார்கள். பெட்டி என்றால் மரப்பெட்டி இல்லை, பனையோலையில் முடைந்தது. சில ஊர்களில் ஆட்டுக்கறிக் குழம்பு, சில ஊர்களில் சாம்பாரும் கூட்டும். எது உசத்தி என்ற வழக்கு சம்பந்தி வீடுகளுக்கு இடையே இன்னும் தீரவில்லை. என் கட்சி சாம்பார். அண்டாவில் கிடந்து குழைந்த கத்தரிக்காய்க்கு ஈடு வீட்டில் கிடைக்காது.

விருந்து என்று அழகான தமிழ்ச்சொல் இருக்க, ஏன் இது? விருந்து முதலில் புதுமையைக் குறித்தது. பிறகு புதிதாய் வந்த ஆளை. அப்புறம்தான் அவருக்கு வைத்த இலையை. அதில் எப்போதும் ஒரு வீட்டுக்காரர் உண்டு, வந்தவர் உண்டு. அன்னதானத்திலும் கொடுக்கும் கை மேலே. அசனத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் பிரித்து, அரிசி வாங்கி, காய் நறுக்கி, பரிமாறி, அதே ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. ‘குழம்பில் உப்பில்லை’ என்று தாராளமாகக் குறை சொல்கிறார்கள். அவர்கள் வைத்த குழம்புதானே. நாகூர்ப் பக்கத்துக் கந்தூரியும் இந்த வகையில் உறவு. பாரசீகத்தில் அந்தச் சொல் சாப்பாட்டுக்கு விரிக்கும் விரிப்பைக் குறிக்கும்.

ஆதித் திருச்சபையும் இப்படி ஒன்றாக உண்டது. அந்த உணவுக்கே ‘அகாப்பே’, அதாவது அன்பு, என்று பெயர். அதிலும் சண்டை வந்தது. கொரிந்துவில் பணக்காரர்கள் முந்திக்கொண்டு தின்று தீர்க்க, ஏழை பசியோடு இருந்ததைப் பவுல் கடிதத்தில் கண்டித்தார்.

நம் ஊர்ச் சண்டை வேறு. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்றார். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்குச் சோதனையாக யார் சமைத்தாலும் சேர்ந்து உண்ண வேண்டும் என்றது. பிரசங்கம் கேட்டுத் தலையாட்டுவது எளிது. எதிரே இலையில் சோறு விழும்போதுதான் சங்கடம். இதற்காக உபதேசியார் வேலையை உதறிப் போனவர்களும் உண்டு. அசனத்தைப் பெருமையாகப் பேசும் நாங்கள் இதை நினைப்பது குறைவு. எங்கள் பந்தியில் உரசல் இல்லாததற்குப் பாதிக் காரணம், சபை முழுக்க ஒரே சாதியாக இருந்ததுதான்.

வர முடியாத நோயாளிகளுக்கும், வேறு சாதியார் இருக்கும் கீழத்தெருவுக்கும் தூக்குவாளியில் சோறு போகும். ‘அசனச் சோறு’ என்று கேட்டு வாங்குவார்கள். இரவில் தண்ணீர் ஊற்றி, காலையில் பழையதாகவும் சாப்பிடுவார்கள். எனக்குத் தெரிந்து நாற்பது வருடமாகக் கீழத்தெருவுக்கு வாளிதான் போனது.

சென்னை நண்பருக்கு இடம் பிடிக்கப் போனபோது, முதல் பந்தியில் கீழத்தெருப் பையன்கள் மூன்று பேர் இலைமுன் உட்கார்ந்திருந்தார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஒரு நொடி நின்றார். பிறகு பெட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, “குழி பண்ணுங்கலே, குழம்பு வருது” என்றார்.