தோட்டத்துப் பிள்ளையும் ஆங்கிலப் பாடமும்

மாத்தளை நகருக்குத் தென்கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சாரலிலே அமைந்திருப்பது எல்கடுவ. ஹுனஸ் அருவியும் அதனைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளும் இவ்வூருக்கு அடையாளமாக விளங்குகின்றன. இவ்வூரின் பெயரையே தாங்கிய பெருந்தோட்டக் கம்பனி ஒன்றும் உண்டு. இத்தகைய மலையூர்ப் பாடசாலையொன்றில், எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் புகும் ஆசிரியர், ஒரு தவணைக்குரிய பாடங்களை எவ்வாறு வகுத்துக்கொள்ளுதல் தகும்?

கேள்வி சிறிது. பாடத்திட்டத்தைப் பார்த்து, வாரங்களை எண்ணி, பக்கங்களைப் பங்கிட்டுவிட்டால் போதுமே என்று எவரும் கருதக்கூடும். ஆனால் மலையகத்துப் பள்ளியின் வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு கருதமாட்டார். அங்கே பிள்ளை எப்பொழுது பள்ளிக்கு வரும், எப்பொழுது பள்ளியை விட்டு நீங்கும் என்பவற்றை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பள்ளிக்கூடம் தீர்மானிக்கவில்லை. கொழுந்தும் கூலியும் சட்டமும் தீர்மானித்தன. அந்த வரலாறு பாடம் வகுப்போருக்கு ஓர் அரிய படிப்பினையை வைத்துச் சென்றிருக்கிறது.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கும் மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்தனர். மலைநாட்டுக்கு மாத்தளையே அவர்களுடைய வாயிலாக இருந்தது. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் வந்தவர்களிற் பலர், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். ஆகவே ஆணும் பெண்ணும் குடும்பமாகத் தங்கினர். லயன்களிலே பிள்ளைகள் பிறந்தனர். பிள்ளைகள் பிறந்த பின்னரே பள்ளி என்ற பேச்சும் பரவலாக எழுந்தது.

அதற்கு முன்னரும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களை வரவழைத்துத் தோட்டங்களுக்கு அனுப்பியது. ஆங்காங்கே பள்ளிகளையும் நிறுவியது. வேறு சில இடங்களில் எழுத்தறிந்த ஒருவர், வேலை முடிந்த மாலை வேளையில், லயன் திண்ணையிலே பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தார். 'லயன் பள்ளி' என்று வழங்கியது அதுவே.

இப்பள்ளிகளில் ஆங்கிலம் இடம்பெறவில்லை. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுகளைத் தொடர்ந்து, 1830கள் முதல் அரசாங்கம் ஆங்கிலக் கல்விக்கு முதலிடம் அளித்தது உண்மையே. ஆனால் அந்தக் கல்வி அரசாங்கத்துக்கு எழுதுவினைஞரை ஆக்கித் தரும் நோக்குடையது. நகரத்தையே நாடி நின்றது. தோட்டத்தின் எல்லைக்குள் ஆங்கிலம் துரையின் பங்களாவிலும் கணக்கெழுதும் கந்தோரிலும் வாழ்ந்தது.

இங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. பள்ளியின் வாயில் ஆங்கிலத்துக்கு அடைபட்டிருந்த அதே காலத்தில், வேலைக்களத்தின் வழியாக அது தொழிலாளியின் நாவில் ஏறியது. குடியிருப்பு 'லயன்' ஆயிற்று. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம் 'பிரட்டுக்களம்' ஆயிற்று. பெயர்ப்பதிவு 'செக்ரோல்' ஆயிற்று. தேயிலைத் தொழிற்சாலை 'இஸ்டோர்' ஆயிற்று. எழுதுவினைஞர் 'கிளாக்கர்' ஆனார். இச்சொற்கள் யாவும் ஒரு திசையிலேயே பயணம் செய்தவை. மேலிருந்து கட்டளையாகக் கீழே வந்தவை. கேட்டு நடப்பதற்கு அவை போதும். மறுமொழி சொல்வதற்கோ, ஒரு கடிதம் எழுதுவதற்கோ, பற்றுச்சீட்டைப் படித்து அறிவதற்கோ அவை போதா. தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டுமா என்ற வினாவின் உயிர்நிலை இதுவே.

பின்னர்ச் சட்டங்கள் வந்தன. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கிடைக்க வழிசெய்தல் தோட்டத்துரையின் கடமை என விதித்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அக்கடமையை மேலும் வலியுறுத்தியது. தாய்மொழியில் தொடங்கியது நன்றே. ஆனால் பத்து வயதோடு கல்வி முடிந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமன்றி, சிறுவருக்கும் தனியே கூலி விகிதம் வகுத்தது. சிறுவன் கூலிக்காரன் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட காலம் அது. பத்து வயதில் சிலேட்டை வைத்துவிட்டுக் கூடையை எடுத்த பிள்ளையின் கையில், கற்றவற்றுள் எவ்வளவு எஞ்சியிருக்கும்?

இதே கேள்வியைக் கடலுக்கு அப்பால் மற்றொருவர் எழுப்பினார். வங்காளத்தின் டாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், 1926இல் இருமொழிக் கல்வி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்ட உண்மை எளியது. ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் இடையிலேயே பள்ளியை விட்டு விடுகின்றனர். பாடத்திட்டமோ, இறுதிவரை நிற்கும் சிலரை எண்ணியே வகுக்கப்படுகின்றது. ஆயுள் காப்புறுதி செய்தவர் பணம் கட்டுவதை இடையில் நிறுத்தினாலும், அதுவரை கட்டியதற்கு ஈடாக ஒரு தொகை அவருக்குத் திரும்பக் கிடைக்கும். அதைச் சரண் மதிப்பு என்பர். கல்விக்கும் அத்தகைய மதிப்பு இருத்தல் வேண்டும் என்றார் வெஸ்ட். எந்த நாளில் பிள்ளை நின்றுவிட்டாலும், அந்நாள் வரை கற்றது அதற்குப் பயன்பட வேண்டும்.

வெஸ்ட் வாசிப்பையே முதன்மையாகக் கொண்டார். வங்காளத்துப் பிள்ளைக்குப் பேச்சைவிட நூலறிவே கூடுதலாக உதவும் என்பது அவர் எண்ணம். அந்த முடிவை எவ்விடத்துக்கும் அப்படியே எடுத்துச் செல்லுதல் இயலாது. ஆனால் அவருடைய அளவுகோல் மலைநாட்டுக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதைப் பிற்கால நிகழ்ச்சிகள் காட்டின.

1943இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான கல்விக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்பக் கல்வி தாய்மொழியிலும், ஆங்கிலம் இரண்டாம் மொழியாகவும் அமையும் நெறி நிலைகொண்டது. நாட்டின் பிற பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. தோட்டப் பள்ளிகளோ பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே எஞ்சின. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றோராக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் புறத்தே விடப்பட்டன. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் ஓரறையில் நடத்தும் நிலை பல தோட்டங்களில் நீடித்தது. அந்த ஆசிரியருக்கே ஆங்கிலம் தெரியாதபோது, பிள்ளைக்கு அது எங்ஙனம் வரும்?

1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டு, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை அளிப்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சியோரின் நிலை 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. பத்திரம் வந்ததும் குடும்பங்கள் புறப்பட்டன. தவணை முடியும்வரை எந்தப் பத்திரமும் காத்திருப்பதில்லை. நேற்றுவரை வாங்கிலில் அமர்ந்திருந்த பிள்ளை இன்று கப்பலேறத் தலைமன்னாருக்குப் போய்விடும். அப்பிள்ளை தன்னோடு எடுத்துச் சென்றது எதுவோ, அதுவே அதன் கல்வி.

1970களின் நடுப்பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பள்ளிகளும் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. 1980களில் சுவீடன் நாட்டின் உதவியுடன் அவற்றின் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் மேம்பட்டன. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் தொடங்கி, 1999இல் நாடெங்கும் விரிந்த கல்விச் சீர்திருத்தம், முதலிரு வகுப்புகளில் செயல்வழி வாய்மொழி ஆங்கிலத்தைப் புகுத்தியது; மூன்றாம் வகுப்பிலிருந்து நூல்வழி ஆங்கிலம் தொடங்குகின்றது. நூறாண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட பாடம் இன்று நேர அட்டவணையில் இடம் பெற்றுள்ளது. இனி அந்த நேரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே எஞ்சியுள்ள வினா.

ஒரு தவணையில் ஏறத்தாழ 13 வாரங்கள் உண்டெனக் கொள்ளலாம். மூன்று வாரம் புதுப் பாடம், நான்காம் வாரம் மீள்பார்வை எனச் சுற்று ஒன்றை அமைத்தால், மூன்று சுற்றுகளுக்கு 12 வாரங்கள் ஆகும். எஞ்சும் ஒரு வாரம், வராதிருந்த பிள்ளைகளுக்கு உரியது. இவ்வாறு புதுப் பாடத்துக்கு ஒன்பது வாரங்கள் கிடைக்கும். வாரத்துக்கு நான்கு பாடம் என்றால் 36 பாடங்கள். பாடத்துக்கு ஐந்து சொல் என்றால் 180 சொற்கள். கணக்கு அடக்கமானதே. ஆயினும் உறுதியாகக் கைவந்த 180 சொற்கள், மேலோட்டமாகக் கேட்டு மறந்த ஆயிரம் சொற்களிலும் மேலானவை.

முதற் சுற்று செவிக்கும் நாவுக்கும் உரியது. பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. ரோட்டு, பஸ், லைட், டிக்கட் முதலிய சொற்களை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறது. அவற்றிலிருந்து தொடங்குவதே இயல்பு. ஆனால் தமிழ் நாவு வல்லின ஈற்றுக்குப்பின் உகரம் சேர்க்கும். 'புக்' என்பது 'புக்கு' ஆகும். சொல்லின் முதலில் வரும் சகர மெய்க்கு முன்னே இகரம் சேரும். 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகும். இவற்றை நகைப்புக்குரிய பிழைகளாகக் கொள்ளாமல், தமிழின் ஒலிமரபு செய்யும் செயலாக உணர்ந்து திருத்தும் ஆசிரியரிடம் பிள்ளை வாய்திறக்க அஞ்சாது.

இரண்டாம் சுற்றில் எழுத்தும் வாசிப்பும் வரும். பஸ் வண்டியின் பெயர்ப்பலகை, கடைப் பொருளின் உறை, மருந்துப் போத்தலின் சீட்டு ஆகியவையே முதல் வாசிப்புப் பாடங்களாகலாம். மூன்றாம் சுற்றில் தன் பெயரையும் ஊரையும் சிறு வாக்கியங்களையும் பிள்ளை எழுதும். தமிழில் வினை இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் நடுவில் நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின் ஒட்டும். ஆங்கிலத்தில் அதன் பணியைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னே வரும். இவ்வேறுபாட்டை இலக்கண விதியாக ஒப்புவிக்கச் செய்வதைவிட, கூடைக்குள் இலையையும் மேசைமேற் புத்தகத்தையும் வைத்துக் காட்டிப் பழக்குதல் நன்று.

ஒவ்வொரு வாரமும் தன்னளவில் முழுமை பெற்றிருத்தல் வேண்டும் என்பதே இத்திட்டத்தின் அச்சாணி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை வழுக்கும். தைப்பொங்கலும் தீபாவளியும் வரும். தாய் மலைக்குப் போன நாளில் தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை வீட்டில் நிற்கும். ஒரு வாரம் தவறினால் அந்த வாரத்துப் பொருள் மட்டும் தவற வேண்டும். அடுத்த பாடம் விளங்காமற் போகக் கூடாது.

ஓர் ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்க நேரும் பள்ளிக்குப் பழந்தமிழ்த் திண்ணைப் பள்ளியும் வழிகாட்டுகிறது. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையைப் போன்றதொன்றை, சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய அண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் கைக்கொண்டார். 1797இல் அதனை நூலாக எழுதி இங்கிலாந்தில் பரப்பினார். இங்கிருந்து ஆங்கில நாட்டுக்குச் சென்ற அம்முறை, இன்று மலைநாட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்க உதவுமாயின் அதில் வியப்பில்லை.

கொழுந்து பறிக்கும் கைகள் நாள்தோறும் கூடையை நிறுத்துக் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. பருவ முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. எல்கடுவ மலைச்சரிவில் ஒரு தவணைக்குப் பாடம் வகுக்கும் ஆசிரியரும் வெள்ளிக்கிழமை மாலையில் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: இப்பிள்ளை திங்கட்கிழமை வராமற்போனால், இவ்வாரம் கற்றதில் எது அதன் கையில் இருக்கும்? அதற்கு விடை சொல்லக்கூடிய திட்டமே, பத்து வயதில் பள்ளியை விட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தகுந்த திட்டமாகும்.