அறிவொளி: ஓர் அடிக்குறிப்பில் பிறந்த கேள்வி



ஞானம் என்ற தலைப்பில் தொலைக்காட்சி மன்றம் நடைபெறும் என்று அறிவித்தபோது, பலர் அதை ஆன்மீகச் சொற்பொழிவு என்றே நினைத்து வந்திருந்தனர். நான் ஐரோப்பிய வரலாற்றைப் பேசத் தொடங்கியதும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, புத்தர் அரசமரத்தடியில் அடைந்ததை ஞானம் என்கிறோம். வெள்ளைக்காரன் புத்தகம் எழுதியதை அறிவொளி என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானா?"

நிகழ்ச்சிக்கு நேரம் குறைவு. அரைகுறையாக ஒரு பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த அங்கத்திற்குப் போய்விட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அவருக்குத் தர வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

குழப்பத்திற்குப் பெரிய காரணம் ஆங்கிலம். 'என்லைட்டன்மென்ட்' என்ற ஒரே சொல்லை அது புத்தரின் போதிக்கும் பயன்படுத்துகிறது, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சிந்தனை எழுச்சிக்கும் பயன்படுத்துகிறது. தமிழில் நமக்கு ஞானம் வேறு, அறிவொளி வேறு. ஜெர்மன் மொழியிலும் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அந்த ஜெர்மன் மொழியில்தான், "அறிவொளி என்றால் என்ன?" என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். கேட்டவர் ஒரு பாதிரியார் என்பதுதான் இதில் சுவையான செய்தி.

ஒரு பாதிரியாரின் கேள்வி

1783-ஆம் ஆண்டு. பிரஷ்ய நாட்டின் தலைநகரான பெர்லினில் ஒரு மாத இதழ் வெளிவந்துகொண்டிருந்தது. 'பெர்லினிஷே மோனாட்ஸ்ஷ்ரிஃப்ட்' என்பது அதன் பெயர். திருமணத்தை நடத்திவைக்கப் பாதிரியார் தேவையில்லை என்ற கருத்து அதில் வெளியானது. யோஹான் ஃபிரீட்ரிக் ஸோல்னர் என்ற பாதிரியார் அதை ஏற்கவில்லை. அறிவொளி, அறிவொளி என்று சொல்லிக்கொண்டு மக்களைக் குழப்புகிறார்களே என்பது அவருடைய வருத்தம். 1783 டிசம்பர் இதழில் மறுப்பு எழுதினார். அந்தக் கட்டுரையின் ஓர் அடிக்குறிப்பில், மற்றவர்களுக்கு அறிவூட்டப் புறப்படும் முன் அறிவொளி என்றால் என்ன என்று விளக்க வேண்டாமா, அதற்கு விடையை இதுவரை நான் எங்கும் காணவில்லையே என்று கேட்டுவிட்டார்.

அதே பெர்லினில் 'புதன்கிழமைச் சங்கம்' என்று ஒரு சிறு குழு இருந்தது. அதிகாரிகள், பாதிரியார்கள், மருத்துவர்கள், எழுத்தாளர்கள் அதில் கூடி விவாதித்தனர். ஸோல்னரும் உறுப்பினர். இதழின் ஆசிரியர்களான பீஸ்டர், கெடிக்கே இருவரும் உறுப்பினர்கள். ஒருவகையில் அது நம் மன்றம் போலத்தான். ஒரே வேறுபாடு, அங்கே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. மக்களுக்கு எவ்வளவு வெளிச்சம் தரலாம் என்பதைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள்!

ஆனால் அடிக்குறிப்பு அச்சாகிவிட்டது. அச்சில் வந்த கேள்விக்கு அச்சிலேயே விடை வந்தது. 1784-ஆம் ஆண்டில் அதே இதழில் இரண்டு பெரியவர்கள் பதில் எழுதினார்கள்.

இரண்டு பதில்கள்

முதல் பதில் செப்டம்பர் இதழில் வந்தது. எழுதியவர் மோசஸ் மெண்டல்ஸோன் என்ற யூதத் தத்துவ அறிஞர். 1743-இல், 14 வயதுச் சிறுவனாக, டெஸ்ஸாவ் நகரிலிருந்து பெர்லினுக்கு வந்தவர். பட்டுத் தொழிற்சாலையில் கணக்கெழுதிப் பிழைத்தார், பின்னர் அதன் நிர்வாகியும் ஆனார். தத்துவத்தைச் சொந்த முயற்சியில் கற்றார். 1763-இல் பெர்லின் அறிவியல் கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியில் அவருக்கு முதல் பரிசு கிடைத்தது. அதில் இரண்டாம் இடம் பெற்றவர் யார் தெரியுமா? இமானுவேல் காண்ட்.

அதே 1763-இல்தான் பெர்லினில் வசிக்கும் உரிமை மெண்டல்ஸோனுக்குத் தன் பெயரில் கிடைத்தது. நகருக்கு வந்து 20 ஆண்டுகள் கழித்து! 1771-இல் அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அறிவொளி மன்னர் என்று புகழ்பெற்ற இரண்டாம் ஃபிரெடரிக் அதற்கு ஒப்புதல் தரவில்லை.

அப்படிப்பட்டவர் அறிவொளியைப் பற்றி அளந்துதான் பேசினார். அறிவு மட்டும் போதாது, பண்பாடும் அதனுடன் சேர்ந்து வளர வேண்டும் என்றார். அறிவொளியைத் தவறாகப் பயன்படுத்தினால் மனம் கல்லாகும், தன்னலம் பெருகும் என்று எச்சரித்தார்.

இரண்டாம் பதில் டிசம்பர் இதழில் வந்தது. எழுதியவர், அந்தப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற காண்ட். கோனிக்ஸ்பெர்க் நகரில் குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளியின் மகனாக 1724-இல் பிறந்தவர். அந்த நகரம் இன்று ரஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது. மெண்டல்ஸோனின் கட்டுரை அப்போது அவர் கைக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தால் தன் கட்டுரையை வெளியிடாமல் நிறுத்தியிருப்பேன் என்று அவரும் ஓர் அடிக்குறிப்பு எழுதினார். நல்லவேளை, தபால் தாமதமானது.

காண்ட் சொன்னதன் சாரம் இது. தனக்கென்று அறிவு இருந்தும், இன்னொருவர் வழிகாட்டாமல் அதைப் பயன்படுத்த முடியாத நிலையே பக்குவமின்மை. அறிவே இல்லாததால் அந்த நிலை என்றால் அது நம் குற்றமில்லை. அறிவிருந்தும் துணிவில்லாததால் என்றால் அது நாமே தேடிக்கொண்டது. அந்த நிலையை விட்டு வெளியே வருவதுதான் அறிவொளி.

பெரும்பாலோர் ஏன் வெளியே வருவதில்லை? சோம்பலும் கோழைத்தனமும் என்கிறார். எனக்காகச் சிந்திக்க ஒரு புத்தகம் இருக்கிறது, எனக்கு மனசாட்சியாக இருக்கப் பாதிரியார் இருக்கிறார், என்ன சாப்பிடலாம் என்று சொல்ல மருத்துவர் இருக்கிறார். பிறகு நான் எதற்குச் சிரமப்பட வேண்டும்?

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. கேமராவுக்குக் கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் படித்துப் பழகியவன் நான். பெரியவர் கேள்வி கேட்டபோது திரையில் அதற்குப் பதில் ஓடவில்லை. அதனால்தான் தடுமாறினேன்.

காண்ட் இன்னொன்றும் சொன்னார். தனி மனிதன் ஒருவன் தானாக விழித்துக்கொள்வது கடினம். ஆனால் ஒரு சமுதாயம் தன்னைத்தானே விழிப்படையச் செய்வது முடியும். அதற்கு வேண்டியது ஒன்றுதான்: எழுதுபவர் படிப்பவர் முன் தன் கருத்தை வெளிப்படையாக வைக்கும் சுதந்திரம். பாதிரியார் கோயிலில் சபையின் விதிப்படி பேசட்டும், அதிகாரி தன் பணியில் ஆணைக்குக் கட்டுப்படட்டும். ஆனால் அவர்களே அறிஞராக மக்கள் முன் எழுதும்போது வாயைக் கட்டக்கூடாது. ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்ள அதுவே வழி.

துணிவுக்கு வந்த சோதனை

சொல்வது எளிது. காண்டுக்கே சோதனை வந்தது. 1786-இல் ஃபிரெடரிக் மன்னர் மறைந்தார். அடுத்து வந்த இரண்டாம் ஃபிரெடரிக் வில்லியம் காலத்தில், 1788-இல், மதக் கட்டுப்பாட்டு ஆணையும் தணிக்கை ஆணையும் அடுத்தடுத்து வந்தன. கேள்வியைத் தொடங்கிவைத்த அந்த மாத இதழே 1792-இல் பெர்லினை விட்டு வெளியே போய் அச்சாக வேண்டியதாயிற்று. சமயத்தைப் பற்றிக் காண்ட் 1793-இல் வெளியிட்ட நூலுக்காக 1794-இல் அரசரின் கண்டனக் கடிதம் வந்தது. 70 வயது முதியவர். சமயத்தைப் பற்றி இனிப் பேசமாட்டேன், எழுதமாட்டேன் என்று வாக்களித்தார்.

துணிவைப் போதித்தவரே பணிந்துவிட்டாரே என்று நீங்கள் கேட்கலாம். 1797-இல் அந்த மன்னர் இறந்தார். நான் கொடுத்த வாக்கு அந்த மன்னரின் ஆயுள்வரைக்கும்தான் என்று சொல்லி, மறு ஆண்டே அந்தக் கடிதத்தையும் சேர்த்து ஒரு நூல் வெளியிட்டார் காண்ட். இது வீரமா, சாமர்த்தியமா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன். ஒன்று மட்டும் தெரிகிறது. எழுதும் இடத்தைப் பறித்துவிட்டால், காண்ட் போன்ற ஒருவரையும் வாயடைக்க முடியும்.

மரத்தடி வெளிச்சம்

இனிப் பெரியவரின் புத்தருக்கு வருகிறேன். போதி மரத்தடியில் கிடைத்தது உள்ளத்து விடுதலை. ஆசையும் அறியாமையும் அறுந்து துன்பம் ஒழியும் நிலை அது. காண்ட் பேசியதோ நாட்டில் வாழும் மனிதன் தன் அறிவைப் பயன்படுத்தும் உரிமை. இரண்டும் ஒன்றல்ல.

ஆனாலும் உறவு உண்டு. ஞானம் பெற்ற புத்தர் அதை உலகுக்குச் சொல்வதா வேண்டாமா என்று முதலில் தயங்கினார் என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன. பிறகு சாரநாத்திற்கு நடந்துபோய் ஐந்து பேரிடம் பேசினார். கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர்கள் என்ற மக்கள், வருகிற குரு ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்கிறாரே, யாரை நம்புவது என்று கேட்டனர். வழிவழியாக வந்தது, ஏட்டில் உள்ளது, குரு சொன்னது என்பதற்காக மட்டும் ஏற்காதீர்கள், நன்மை தருகிறதா தீமை தருகிறதா என்று நீங்களே அறிந்து முடிவு செய்யுங்கள் என்பது அவர் அறிவுரை.

நம் மணிமேகலைக் காப்பியத்திலும் இதே நெறி இருக்கிறது. மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். காஞ்சியில் அறவண அடிகளிடம் வாதம் எது, வாதத்தில் வரும் குற்றம் எது என்று கற்றுக்கொள்கிறாள். அதன் பிறகே துறவு. இதில் என் மனத்தைத் தொட்டது இன்னொன்று. இளம்பெண்ணுக்குச் சமயக் கணக்கர்கள் தங்கள் நெறியைச் சொல்லமாட்டார்கள் என்பதால், அவள் ஆண் தவசியின் வடிவம் எடுத்துக்கொண்டுதான் போய்க் கேட்கிறாள்! அறிவின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார்.

காண்டும் அறிந்திருந்தார். பெண்கள் துணியாதபடி பாதுகாவலர்களே பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று 1784-இல் எழுதினார். ஆனால் அதே காண்ட், 1793-இல் எழுதிய கட்டுரையில் பெண்களையும் கூலி வேலைக்காரர்களையும் வாக்குரிமையுள்ள குடிமக்களாக ஏற்கவில்லை. வெளிச்சம் ஏற்றியவர்களின் காலடியிலும் நிழல் இருந்தது.

அந்த நிழல் கடல் தாண்டியும் நீண்டது. ஆசிய, ஆப்பிரிக்க மக்கள் இன்னும் பக்குவப்படவில்லை, நாங்களே அவர்களுக்குப் பாதுகாவலர் என்று சொல்லி ஐரோப்பிய அரசுகள் நாடுகளை ஆண்டன. எந்தப் பாதுகாவலர்களைக் காண்ட் குறை சொன்னாரோ, அந்த வேலையை அறிவொளியின் பெயராலேயே செய்தார்கள்.

மலாயாவில்

நம் மக்களும் அப்படி ஆளப்பட்டவர்கள்தாம். என் தாத்தா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எழுத்து அவ்வளவாகத் தெரியாது. மாலையில் லயத்து வாசலில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள், பிறகு சண்டை போடுவார்கள் என்று சொல்வார். சண்டை என்று அவர் சொன்னது விவாதத்தை.

1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கினார். சாதி பற்றியும் சடங்கு பற்றியும் இங்குள்ள தமிழர்களிடையே வாதம் சூடு பிடித்தது. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. 1935-இல் கோ. சாரங்கபாணி அங்கே 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். அந்த வாதங்களில் யார் சரி, யார் தவறு என்பதல்ல இங்கே பொருள். ஏட்டில் எழுதினார்கள், மறுத்து எழுதினார்கள், படிக்கத் தெரியாதவர் படிக்கக் கேட்டு வாதாடினார். பெர்லின் புதன்கிழமைச் சங்கம் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதை, லயத்து வாசலில் திறந்த வெளியில் பேசினார்கள்.

ஆகவே, ஐயா, உங்களுக்கு என் பதில் இது. ஞானமும் அறிவொளியும் ஒன்றல்ல. ஒன்று உள்ளே போகும் பயணம், மற்றொன்று நாலு பேர் நடுவே நடப்பது. ஆனால் இரண்டையும் பிறர் நம் கையில் கொடுத்துவிட முடியாது. குருவோ, புத்தகமோ, தொலைக்காட்சிப் பெட்டியோ வழிதான் காட்டும். நடக்க வேண்டியது நம் கால்.

என் பதிலிலும் குறை இருக்கலாம். இருந்தால், அன்று போலவே கையை உயர்த்துங்கள். இந்த முறை நேரமில்லை என்று சொல்லமாட்டேன்.