பாட்டுப் புத்தகத்தோடு கடல் கடந்த சபை



பேராக் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோயில், சங்கம், தமிழ்ப்பள்ளி ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்கின்றனர். கிறித்தவத் தமிழர் என்றால் சிலிபின் கத்தோலிக்க ஆலயமும் மெதடிஸ்ட் சபையும் உடனே நினைவுக்கு வரும். இவற்றின் நிழலில் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்துவரும் சிறிய சபை ஒன்று உண்டு. அதுவே தமிழ் லுத்தரன் சபை. எண்ணிக்கையில் அது மிகச் சிறியது. ஆயினும் நம் தாய்மொழிக் கல்வியின் நிலையை அறிய விரும்புவோர்க்கு அதன் வரலாறு பெரிதும் பயன்படும் என்பதாலேயே இக்கட்டுரை.

இச்சபையின் வேர் தரங்கம்பாடியில் உள்ளது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்க், புளூட்சோ என்னும் இரு ஜெர்மானியர் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அங்கே கரையிறங்கினர். சீகன்பால்க் தமிழ் கற்ற முறை ஆசிரியர்களாகிய நமக்குச் சுவையானது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்தை எழுதிப் பழகியவர் அவர். (இன்று பாலர் வகுப்பில் மணல் தட்டு வைப்பதைப் புதுமை என்று சொல்கிறோம்!) 1712இல் அச்சுப்பொறி வந்தது, 1715க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. மதம் மாறியவன் எழுத்தறிந்தவனாகவும் இருக்கவேண்டும் என்பது லுத்தரன்களின் கொள்கை. லூதரின் சிறிய ஞானோபதேசத்தைக் கற்றுத் தேறிய பின்னரே இளையோரைத் திடப்படுத்தித் திருவிருந்தில் சேர்ப்பர். ஆகவே, ஆலயம் எழுந்த இடத்தில் பள்ளியும் எழுந்தது.

1845இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றனர். அதற்குச் சற்று முன்பே லைப்சிக் மிஷன் அப்பணியை ஏற்கத் தொடங்கியிருந்தது. ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஏனைய சீர்திருத்த மிஷன்கள் சபைக்குள் சாதி வேற்றுமையைக் கண்டித்தபோது, லைப்சிக் மிஷன் அதனிடம் மென்மை காட்டியது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் அருமையான கீர்த்தனைகளைத் தந்தவர். ஆயினும் ஆலயத்தில் சாதிவாரியாக அமர்வதை ஆதரித்து எழுதியவரும் அவரே. இக்குறை கப்பலேறும்போது கரையிலேயே நின்றுவிடவில்லை. மலாயாவில் சாதி பார்த்து லயத்தில் வீடு ஒதுக்கிய தோட்டங்கள் இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காப்பியும், பின்னர் ரப்பரும் தமிழரை அழைத்தன. கோலகங்சாரில் ஹியூ லோ 1877இல் பயிரிட்ட ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் சில பத்தாண்டுகளில் பேராக் எங்கும் தோட்டங்களாயின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியோருள் தஞ்சை, திருச்சி வட்டாரத்து லுத்தரன் குடும்பங்களும் இருந்தன. பால்மரம் வெட்டச் சென்றோர் சிலர். இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் கிராணி வேலை பார்த்தோர் சிலர்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பல நாடுகளில் முதலில் போதகர் செல்வார், பின்னர் சபை உருவாகும். மலாயாத் தமிழ் லுத்தரன்களிடம் இது தலைகீழாக நடந்தது. மக்கள் முதலில் வந்தனர். போதகர் பின்னர் வந்தார். தாய்ச்சபை மலாயாத் தமிழர்க்கெனப் போதகரை அனுப்பிய 1907ஆம் ஆண்டையே மலேசியச் சபை தன் தொடக்கமாகக் கொள்கிறது. சிதறிக் கிடந்த குடும்பங்களைப் போதகர் அடிக்கடி சந்திப்பது இயலாத காரியம். அத்தகைய இடங்களில் ஞாயிறு ஆராதனைக்கு வேண்டியவை வேதாகமம், ஞானப்பாட்டுப் புத்தகம், உரக்கப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஆகிய மூன்றே. வாசிக்கத் தெரிந்தவரே அங்கு உபதேசியார். லுத்தரன் தமிழர் நெடுங்காலம் போற்றிவந்த பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பு பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழில் அமைந்தது, எளிய நடையன்று. அதைத் தடுமாறாமல் படிப்பது ஒரு கல்வித் தகுதிக்கு ஒப்பாகும்.

தோட்டப் பள்ளிகளின் நிலையோ நாம் அறிந்ததே. ஏழு முதல் பதினான்கு வயது வரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்கவேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை. ஆசிரியர் என்பவர் பிரட்டு முடிந்து வந்த கங்காணி அல்லது கிராணி. அந்நிலையிலும் அந்தப் பள்ளி தந்த எழுத்தறிவைக் கொண்டே கோயிலில் தேவாரமும் ஆலயத்தில் ஞானப்பாட்டும் ஒலித்தன. சமயம் வேறாயினும் இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே.

முதல் உலகப்போரில் ஜெர்மானிய மிஷனரிகள் இந்தியாவைவிட்டு அகற்றப்பட்டனர். சுவீடன் திருச்சபையினர் பொறுப்பேற்றனர். 1919 ஜனவரி 14இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாயிற்று. மலாயாச் சபைகள் அதன் கிளைகளாயின. பின்னர் ஜப்பானியர் ஆட்சி வந்தது. 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ வீழ்ந்தது. தாயகத்தோடு தொடர்பு அறுந்தது. தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் திரும்பவில்லை. சிறிய சபைக்கு நான்கு குடும்பங்களின் இழப்பே பேரிழப்பு.

போர் முடிந்து மூன்றாண்டுக்குள் அடுத்த சோதனை. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950 முதல் காட்டோரச் சீனர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். சீனாவிலிருந்து வெளியேறநேர்ந்த லுத்தரன் மிஷனரிகள் அக்கிராமங்களில் ஊழியம் தொடங்கினர். அங்கிருந்து இன்னொரு லுத்தரன் சபை பிறந்தது. 1963இல் தமிழ்ச் சபைகள் தாய்ச்சபையினின்று தன்னாட்சி பெற்று மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் அடிப்படையாயின. அதே 1963இல் சீனர் மிகுந்த மலேசிய சிங்கப்பூர் லுத்தரன் சபையும் அமைந்தது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரே லூதரின் பெயரால் இரண்டு திருச்சபைகள்! இடையே நின்ற சுவர் கோட்பாடன்று, மொழியே. இதனைக் குறையெனச் சொல்வோர் உளர். தமிழில் வழிபடும் உரிமையை ஒரு சிறுபான்மை காத்துக்கொண்ட வழி இது என்றே நான் கருதுகிறேன். பிற்காலத்தில் ஒராங் அஸ்லி மக்களும் தமிழர் தொடங்கிய இத்திருச்சபையில் பெருமளவில் இணைந்தமை, அச்சுவர் கதவில்லாததன்று என்பதைக் காட்டுகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாகச் சபையை மாற்றியது தோட்டத் துண்டாடலே. 1950களிலும் 1960களிலும் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன, வாங்கியோர் கூறுபோட்டனர். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிச் சில தோட்டங்களை மீட்டார். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது பலர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். எஞ்சியோர் புந்தோங்கும் சிலிபினும் போன்ற நகர்ப்புறங்களுக்கு நகர்ந்தனர். தோட்டத்தில் கூடியவர்கள் நகரச் சபையின் உறுப்பினராயினர். அவர்களின் பிள்ளைகள் படித்து, கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். நகரச் சபையில் முதியோர் எஞ்சினர். இது லுத்தரன்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. நம் நகரக் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் இதே கதைதான்.

கவலைக்குரிய செய்தி வேறொன்று. தமிழ்ப்பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் பாடல்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டுத் தமிழ் ஆலயங்களில் பரவியுள்ளது. தேவாரத் தாள்களிலும் இதைக் காண்கிறோம். பிள்ளை வாய்திறந்து பாடுகிறதே என்று மகிழலாம். ஆனால் ழகரமும் ளகரமும் ஒன்றாகிப்போன அந்தத் தாளைக் கொண்டு அப்பிள்ளையால் அடுத்த பக்கத்தைப் படிக்க முடியாது. ஒருவர் படிக்க, பத்துப்பேர் கேட்டு வாழ்ந்த சபைக்கு, படிக்க அந்த ஒருவரும் இல்லாத நிலை வந்தால் என்ன செய்வது? ஆங்கில ஆராதனை தொடங்கலாம்; பல சபைகள் தொடங்கிவிட்டன. அதனால் ஆலயம் நிலைக்கும். தோட்டத்துப் பாட்டனார் படித்த ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்க்க ஆள் இராது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடும்ப வரலாற்றுப் பயிற்சி கொடுக்கும்போது கிறித்தவ மாணவர்களைத் தத்தம் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவரச் சொல்லுங்கள். போதகரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்க. குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், தகப்பனார் தொழில், வசிப்பிடம் எனப் பதிவேட்டில் வரிசையாக இருக்கும். பழைய பக்கங்களில் வசிப்பிடம் என்ற கட்டத்தில் தோட்டப் பெயர்களைக் காணலாம். இன்று செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்ட தோட்டங்கள் பல. மாணவர்கள் அப்பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே படியெடுத்து, பழைய நிலப்படத்தில் இடம் குறித்துவரட்டும். ஆசிரியர் எவரேனும் இப்பயிற்சியைச் செய்து பார்த்தால், கிடைத்த தோட்டப் பெயர்களை எனக்கு எழுதியனுப்புங்கள்; ஒரு பட்டியலாகத் தொகுத்து இங்கே வெளியிடுகிறேன்.