இராகு எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறான்?

மார்ச்சு மாதம், திங்கட்கிழமை, பொதுத்தேர்வு நாள். சங்கரன்கோவிலை அடுத்த சிற்றூரிலிருந்து வரவேண்டிய என் மாணவி, தேர்வு தொடங்கிய பின்னர் மூச்சிரைக்க ஓடிவந்தாள். வினாத்தாளுக்கு அஞ்சும் பெண் அல்லள் அவள். பின் ஏன் தாமதம்? "இராகு காலம், சார். ஒன்பது மணி ஆகட்டும் என்று ஆச்சி நிறுத்திவிட்டார்கள். எட்டே முக்கால் பேருந்து போய்விட்டது" என்றாள், கண்ணீரோடு.

ஆச்சியை நான் பழிக்கவில்லை. பேத்தி வெல்லவேண்டும் என்ற பாசம்தான் அவரை அப்படிச் செய்ய வைத்தது. ஆனால் தோழர்களே, ஒன்று கேட்கிறேன்: ஒன்பது மணி என்கிறோமே, அது எந்த ஒன்பது மணி?

நம் முன்னோர் நாழிகை வட்டில் கொண்டு, நீரின் ஒழுக்கால் காலத்தை அளந்தனர். நாளொன்றுக்கு 60 நாழிகை. நாழிகை ஒன்று இன்றைய 24 நிமிடம். கதிரவன் உச்சிக்கு வரும்போது நண்பகல். ஆகவே ஊருக்கு ஊர் நண்பகல் வேறு. புவி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. சென்னை கிழக்கு நெடுங்கோடு 80¼ பாகையில் இருக்கிறது. சங்கரன்கோவில் ஏறத்தாழ 77½ பாகையில். சென்னையில் நண்பகலாகி 11 நிமிடம் கழித்தே இங்கு நண்பகல்.

1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வுக்கூடம் எழுப்பிற்று. நம்மீது கொண்ட அன்பாலா? இல்லை, கப்பலோட்டவும் நிலமளக்கவும் அதற்கு வானியல் வேண்டியிருந்தது. அங்கே வானியலாளர் கோல்டிங்காம் சென்னையின் நெடுங்கோட்டைக் கணித்தார். பின்னாளில் இருப்புப்பாதைகள் பெருகியபோது, ஊருக்கொரு நேரம் வைத்து வண்டி ஓட்ட முடியவில்லை. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய 'சென்னை நேரம்' இரயில்களின் நேரமாயிற்று. 1906 சனவரி 1 முதல், 82½ பாகை நெடுங்கோட்டைக் கொண்டு, கிரீன்விச்சுக்கு 5½ மணி முந்திய இந்தியப் பொதுநேரம் வந்தது. சென்னை நேரம் காட்டிய கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்தள்ளப்பட்டன.

முள்ளை மனிதன் தள்ளினான். இராகுவும் உடன் நகர்ந்தானா? அவனுக்கு ஆணை அனுப்பியவர் யார்?

பஞ்சாங்க விதியையே எடுத்துக்கொள்வோம். கதிரவன் எழுவது முதல் மறைவது வரையுள்ள பகலை எட்டாகப் பகுத்து, திங்கட்கிழமையில் இரண்டாம் பங்கை இராகுவுக்குத் தருகிறார்கள். காலை 6 மணிக்குப் பொழுது புலர்வதாகக் கொண்டால் அது 7.30 முதல் 9 வரை. நாட்காட்டித் தாள் அச்சிடுவது இதைத்தான். ஆனால் மார்ச்சு நடுவில் சங்கரன்கோவிலில் கதிரவன் எழுவது ஏறத்தாழ 6.30க்கு, மறைவதும் மாலை ஏறத்தாழ 6.30க்கு. ஆகவே இரண்டாம் பங்கு 8 முதல் 9.30 வரை! இராகு கழியட்டும் என்று 9 மணிக்கு அனுப்பப்பட்ட பெண், அவர்கள் விதிப்படியே இராகு காலத்தில்தான் தெருவில் இறங்கியிருக்கிறாள். நம்பிக்கையும் பிழைக்கவில்லை, பேருந்தும் கிடைக்கவில்லை.

இராகு என்பது கோளும் அன்று. நிலவின் பாதை கதிரவன் செல்வதாய்த் தோன்றும் பாதையை வெட்டும் புள்ளி அது. புள்ளிக்குப் பசியேது, பகையேது?

அறிவியல் காலத்தை எப்படி நோக்குகிறது? 1656இல் ஐகன்சு ஊசல் கடிகாரம் கண்டார். 1967 முதல், சீசியம் அணுவின் கதிர்வீச்சு 919 கோடியே 26 இலட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிரும் நேரமே ஒரு நொடி. காலம் எங்கும் ஒரே சீராக ஓடுவதில்லை என்பதையும் ஐன்சுடைன் காட்டினார். நமக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், திருத்தாவிட்டால், நாளொன்றுக்கு நொடியின் பத்து இலட்சத்தில் 38 பங்கு முந்திவிடும். காரணம், அவற்றின் வேகமும் அங்குள்ள ஈர்ப்பின் குறைவும். திங்களா செவ்வாயா என்பது அக்கணக்கில் இல்லை. இத்தனை நுட்பமாக அளந்தும், நல்ல நொடி என்றும் கெட்ட நொடி என்றும் இரண்டு கண்டவர் எவருமிலர்.

இளைஞர்களே! அடுத்த தேர்வுக் காலம் வருமுன் ஊர்களுக்குச் செல்லுங்கள். முற்றத்தில் ஒரு கோலை நடுங்கள். நிழல் மிகக் குறுகும் வேளையில் கடிகாரத்தைக் காட்டுங்கள். மார்ச்சு நடுவானால், 12 அன்று, ஏறத்தாழ 12.30 இருக்கும். ஆச்சியிடம் பணிவோடு கேளுங்கள்: "இதில் எது இராகுவின் கடிகாரம்?" அவர் சிரிக்கக்கூடும், சிந்திக்கவும் கூடும். மறுமுறை அந்தப் பெண் எட்டே முக்கால் பேருந்தில் ஏறுவாள்.