பழுப்பு ஒயரும் 30-ஆம் நம்பரும்

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போய், இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய ஒரு வண்டியின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள். கறுப்பு டேப் சுற்றிய ஒரு கத்தை ஒயர் தொங்கும். அதில் பாதிக்கு மேல் ஒரே சிவப்பு. ஹாரனுக்கும் சிவப்பு, பிரேக் லைட்டுக்கும் சிவப்பு, பிற்பாடு வந்த பாட்டுப் பெட்டிக்கும் சிவப்பு. கடையில் அன்றைக்குக் கிடைத்த சுருள் அது, அவ்வளவுதான். அந்தக் கத்தையின் நடுவில் வெளிறிப்போன ஒரு பழுப்பு ஒயரோ, நீலத்தில் வெள்ளைக்கோடு ஓடும் ஒரு ஒயரோ கிடைத்தால் அது தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதை வெட்டி எறிவதற்கு முன்னால் படித்துப் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் அது ஒரு மொழி. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸில் பிரிட்டனின் லேலண்டு பங்கு எடுத்தது. 1955-ல் அது அசோக் லேலண்டு ஆனது. லாரியோடு கூடவே லூகாஸ் கம்பெனி வளர்த்த நிற மரபும் எண்ணூருக்கு வந்தது. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவியைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அதில் கரண்ட் இருக்கும். வெள்ளை, சாவிக்குப் பிறகு. பச்சை, சாவியும் பியூஸும் தாண்டிய பிறகு. நீலம் ஹெட்லைட்: வெள்ளைக்கோடு போட்டால் பிரைட், சிவப்புக்கோடு போட்டால் டிம். கறுப்பு எர்த். 1961-ல் சென்னைப் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியபின் இந்த மொழிக்கு இங்கேயே ஒரு வீடு கிடைத்தது.

இன்னொரு மொழி ஜாம்ஷெட்பூரில் வந்து இறங்கியது. டாடாவும் டைம்லர்-பென்ஸும் கைகோத்தது 1954-ல். ஜெர்மன்காரர்கள் நிறத்தைவிட நம்பரை நம்பினார்கள். 30 என்றால் பேட்டரி, 15 சாவிக்குப் பிறகு, 31 எர்த், 50 செல்ஃப் மோட்டார், 56ஏ பிரைட், 56பி டிம். டாடாவின் முகப்பிலிருந்து பென்ஸ் நட்சத்திரம் 1969-ல் போய்விட்டது. நம்பர்கள் போகவில்லை. இன்றைக்கு எந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் ரிலே வாங்கினாலும் காலுக்குக் கீழே 30, 85, 86, 87 என்று அச்சடித்திருக்கும். லேலண்டில் மாட்டினாலும் அதே ஜெர்மன் எண்தான்.

அதே 1954-ல் இந்த ஊரில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அக்டோபர் 18, கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி மாறியதோ 1962 ஆகஸ்ட் 16. நடுவே ஏறக்குறைய எட்டு வருஷம், இரண்டும்கெட்டான் நிலை. வண்டி மின்சாரத்திலும் அப்படி ஒரு காலம் உண்டு என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அதுதான் ஆபத்தானது.

1930-களின் நடுவிலிருந்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்ஸைத்தான் சேசிஸோடு இணைத்தார்கள். துரு குறையும், பிளக் தேய்வது குறையும் என்று ஒரு நம்பிக்கை. நம்ம அம்பாசடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டும் அப்படித்தான். 1960-களில் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்ததும், உள்ளே இருக்கும் டையோடுகளை உத்தேசித்து உலகம் முழுக்க மைனஸ் எர்த்துக்கு மாறியது. நடுவில் மாட்டிக்கொண்ட வண்டிகளில் கறுப்பு ஒயர் எர்த்தான், ஆனால் பிளஸ். ‘கறுப்புன்னா மைனஸ்தானே’ என்று ஆல்டர்னேட்டரை மாட்டினால் டையோடு கணத்தில் போய்விடும்.

வேலை தொடங்கும்போது மைனஸை முதலில் கழற்று என்று எங்களுக்குக் கல்லூரி லேபில் சொல்லிக்கொடுத்தார்கள். அது பாதி உண்மை. நெல்லித்தோப்பில் எனக்குத் தெரிந்த மேஸ்திரி சொல்வது முழு உண்மை: “தம்பி, மொதல்ல எர்த்த எடு. பிளஸ்ஸா மைனஸான்னு அப்புறம் பாத்துக்கலாம்.” எர்த் இல்லாத முனையில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அதன் மறுமுனை சேசிஸில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பேனர் பழுக்கும், பேட்டரி கக்கிய ஹைட்ரஜன் பக்கத்திலேயே இருக்கும். எர்த்தை முதலில் எடுத்துவிட்டால் ஸ்பேனர் எங்கே பட்டாலும் சுற்று முழுமையாகாது. மாட்டும்போது எர்த் கடைசி.

பியூஸிலும் இப்படி ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் மொத்தமே இரண்டு பியூஸ், ஹெட்லைட்டுக்கு அதுவும் கிடையாது. லூகாஸ் கண்ணாடிப் பியூஸில் 35 என்று எழுதியிருந்தால் 35 ஆம்பியரில் உருகும் என்று பொருள். தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இப்போதைய பிளேடு பியூஸில் 35 என்றால் 35-ஐயும் தொடர்ந்து தாங்கும். நம்பரைப் பார்த்து மாற்றினால் பாதுகாப்பு பாதியாகிவிடும். பியூஸ் சும்மா இருக்கும், ஒயர் எரியும்.

மூன்றாவது மொழி நாம் சேர்த்தது. லாரி தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலும் சேசிஸாகத்தான் வரும். நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ பாடி கட்டுவார்கள். பக்கவாட்டு விளக்கு, கூரை விளக்கு, இரண்டு ஹாரன், சாமி படத்துக்கு ஒரு சீரியல் செட், எல்லாம் அங்கே கூடும். கூடினதெல்லாம் எந்த ஒயரிலிருந்து கரண்ட் எடுத்தது என்பதுதான் கேள்வி. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில், எட்டு மீட்டருக்கு 10 ஆம்பியர் போனால் ஏறத்தாழ 1 வோல்ட் வழியிலேயே தொலையும். 12 வோல்ட் பல்புக்கு 11 போய்ச் சேர்ந்தால் வெளிச்சத்தில் கால்வாசி காணாமல் போகும். டிண்டிவனம் ரோட்டில் ராத்திரி எதிரே மங்கலாக வரும் லாரியைப் பார்த்து பல்பைத் திட்டுகிறோம். பல்பு என்ன செய்யும்? பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தடிமனான தனி ஒயர், விளக்குக்குப் பக்கத்தில் ரிலே, பழைய சுவிட்ச் ஒயர் ரிலேயை இயக்க மட்டும் என்று மாற்றினால் பாதி லாரிகளின் கண் தெளியும்.

மென்பொருளில் இருபது வருஷப் பழைய நிரலைக் கையில் எடுப்பவர்கள் முதலில் எதையும் அழிக்க மாட்டார்கள். இங்கேயும் அதேதான். ஒவ்வொரு முனையிலும் சீட்டுக் கட்டி, நிறமும் நம்பரும் எழுதி, படம் வரைந்த பிறகே பழையதைப் பிடுங்க வேண்டும். புது ஒயரை ஒரே சிவப்பில் போடாமல் அந்த வண்டியின் சொந்த நிறங்களில் போடுவதற்குக் கொஞ்சம் அலையணும், காசும் கூட ஆகும். தகரத்தைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம். சேசிஸில் எர்த் பிடிக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் லக்கை முடுக்க வேண்டும். டெயில் லைட்டுக்குச் சேசிஸை மட்டும் நம்பாமல் தனி எர்த் ஒயரே இழுத்துவிடுவது நல்லது. உப்புக்காற்று அடிக்கும் ஊர் இது.

எல்லாம் முடிந்ததும் பேட்டரியை நேராக மாட்ட வேண்டாம். எர்த் முனைக்கும் எர்த் ஒயருக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றைக் கோத்து, சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டுப் பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஒயர் கருகாமல் பல்பு அதைத் தன் மேல் வாங்கிக்கொண்டது. எரியவில்லை என்றால் வரைந்த படத்தைப் பியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டு, அடுத்து வரும் எலக்ட்ரீஷியனுக்காக எர்த் பிளஸ்ஸா மைனஸா என்று பெரிய எழுத்தில் அதிலேயே எழுதிவிட்டு, பல்பை எடுத்துவிட்டு எர்த்தை முடுக்கலாம்.